அடியின் பெயரும் கோப்போடு வரட்டும்

மிடி அசோசியேஷனுக்கும், ஜப்பானில் மிடியைக் கவனிக்கும் ஏஎம்இஐ அமைப்புக்கும், மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற இசைக் குறிப்புக் கோப்பு வடிவத்தைப் பராமரிக்கும் டபிள்யூ3சி குழுவுக்கும், இசைப்பதிவு மென்பொருள் எழுதும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் சென்னையில் ரிதம் புரோகிராமிங் செய்து பிழைப்பவன். மிருதங்கம், தவில், பறை, உருமி, பம்பை என்று எங்கள் ஊர்த் தாள வாத்தியங்களை உங்கள் மென்பொருள்களுக்குள் எழுதுவதும், ஒருவர் வாசித்துப் பதிவானதைக் கேட்டுக் குறிப்பாக மாற்றுவதும்தான் என் அன்றாட வேலை. உங்களிடம் கேட்க முக்கியமாக ஒன்று இருக்கிறது. தோல் வாத்தியத்தில் விழும் ஒவ்வோர் அடிக்கும் அதன் பெயரை எழுதிவைக்க ஓர் இடம் கொடுங்கள். அந்தப் பெயர் கோப்போடு சேர்ந்து ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகட்டும். மற்ற கோரிக்கைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் கைக்கு வரும்போது மொழிபெயர்ப்போடு வரும். ஆனால் இதில் சொல்லியிருப்பது சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டியவர்கள் வாசிக்கிற வித்வான்களும், ஸ்டூடியோக்களில் என்னைப் போலக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களும். அவர்கள் திருத்திய பிறகு வந்தால்தான் இந்தக் கோரிக்கைக்குப் பலம் இருக்கும்.

மிடி எப்படிப் பிறந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இங்கே படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழி. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷியும் முன்னின்று, போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, 1983-இல் இந்த ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்றும் ஒலித்தது. இருவருக்கும் 2013-இல் கிராமி அமைப்பு தொழில்நுட்பத்துக்கான விருது கொடுத்தது. அது தகுதியான விருது. இன்றைக்கு வடபழனியில் இருக்கும் சின்ன ஸ்டூடியோவிலும் அந்த ஒப்பந்தம்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்த மேசையில் இருந்தவர்கள் கீபோர்டு செய்பவர்கள். அதனால் ஒரு சுரம் என்றால் ஒரு கட்டை, ஒரு கட்டை என்றால் 0 முதல் 127 வரை ஓர் எண், எவ்வளவு வேகமாக அழுத்தினாய் என்பதற்கு இன்னோர் எண், எப்போது விரலை எடுத்தாய் என்பதற்கு ஒரு செய்தி. பியானோவுக்கு இது போதும். டிரம் மெஷின்களும் அதே கம்பியில் பேச வேண்டும் என்று வந்தபோது, ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு கட்டையை ஒதுக்கினார்கள். அன்றைக்கு அதுதான் எளிய வழி. 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது எண் ஒப்பந்தம் அந்த வழியைச் சட்டமாக்கியது. பத்தாவது சேனல் தாளத்துக்கு, 35 முதல் 81 வரை 47 எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாத்தியம். 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட்.

இந்த 47-ஐ ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். பாங்கோ இருக்கிறது, காங்கா இருக்கிறது, டிம்பாலே, அகோகோ, குய்ரோ, பிரேசிலின் குய்க்கா எல்லாம் இருக்கின்றன. விசில்கூட இருக்கிறது, குட்டை விசில் ஒன்று, நெட்டை விசில் ஒன்று. தபலா இல்லை, மிருதங்கம் இல்லை, தவில் இல்லை. இதே ஜெனரல் மிடியின் இன்னொரு பட்டியலில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவரின் தோல் வாத்தியத்துக்கு மட்டும் இடம் இல்லாமல் போயிற்று.

இதைப் படித்ததும், எங்கள் வாத்தியங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 82 மிருதங்கம், 83 தவில் என்று நீட்டிக்கொண்டே போவதால் ஒன்றும் ஆகாது. குறை பட்டியலின் நீளத்தில் இல்லை. அடியை எண்ணால் அடையாளம் காட்டுகிற முறையிலேயே அது இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மிருதங்கத்தில் இரண்டு முகங்கள். வலந்தலையில் நடுவே கரணை என்ற கருப்புப் பூச்சு, சுற்றிலும் மீட்டுத் தோல். இடந்தலைக்குத் தொப்பி என்றும் பெயர். வலந்தலையின் விளிம்பில் ஆள்காட்டி விரலால் அடித்து, மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் மெல்லத் தொட்டபடி வைத்திருந்தால் ‘நம்’. சுண்டுவிரலால் கரணையோரத்தில் விழுந்தால் சாப்பு. இடந்தலையைத் திறந்து அடித்தால் ‘தொம்’. அடித்த கையின் மணிக்கட்டாலேயே தோலை அழுத்தி ஓசையை மேலே ஏற்றினால் கும்கி. இரண்டு கையும் ஒரே நேரத்தில் விழும் அடிகளுக்குத் தனிச் சொற்கள். ஒரே சொல் வேகமான கோவையில் வேறு விரலுக்கு மாறும். பாலக்காடு மணி ஐயர் வழியில் வந்தவரும் பழனி சுப்பிரமணிய பிள்ளை வழியில் வந்தவரும் ஒரே சொல்லை ஒரே மாதிரி வாசிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இத்தனையும் ஒரே வாத்தியம். உங்கள் பட்டியலிலும் இந்த உண்மை எட்டிப் பார்க்கிறது. ஹை-ஹேட்டுக்கு மூடியது, மிதித்தது, திறந்தது என்று மூன்று எண்கள். காங்காவுக்கு அடக்கிய அடி, திறந்த அடி. குய்க்காவுக்கும் ட்ரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பி வாத்தியத்துக்கும் அப்படியே. ஒரு வாத்தியத்தில் பல அடிகள் உண்டு, அவற்றைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்று 1991-லேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஒப்புக்கொண்டதை முழுமைக்கும் கொண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

எண்ணால் வரும் பெரிய சங்கடம் சுருதியில் இருக்கிறது. ஒரு பாட்டை ‘சி’ சுருதியில் எழுதி முடித்த பிறகு பாடகிக்கு அது எட்டவில்லை, ‘டி’-க்கு ஏற்று என்கிறார்கள். எல்லா டிராக்கையும் தேர்ந்தெடுத்து இரண்டு அரைச்சுரம் ஏற்றுகிறேன். டிரம் டிராக்கும் அதில் மாட்டிக்கொண்டால் 36-ஆக இருந்த பேஸ் டிரம் 38 ஆகிறது, அதாவது ஸ்னேர் ஆகிறது. மூடிய ஹை-ஹேட் மிதித்த ஹை-ஹேட் ஆகிறது. தெருவில் கதவு எண்ணை மாற்றியதும் குடியிருப்பவரின் பெயரும் மாறிவிட்டது போல. இதற்காகவே டிரம் டிராக்கை ஏற்றத்திலிருந்து விலக்கி வைக்கப் பல மென்பொருள்களில் வசதி செய்திருக்கிறீர்கள். டிரம் செட்டுக்கு அது சரி. மிருதங்கத்துக்குச் சரியில்லை. ஏனென்றால் மிருதங்கம் சுருதி சேர்த்து வாசிக்கும் வாத்தியம்.

இது ஏதோ எங்கள் சம்பிரதாயத்துக்காகச் சொல்வது இல்லை. சாதாரணமாக ஒரு தோலை இழுத்துக் கட்டி அடித்தால் அதில் எழும் மேலோசைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகா. வலந்தலையின் நடுவே கரணையை அப்பி எடையேற்றும்போது அவை ஒழுங்குக்கு வந்து, தந்தி வாத்தியத்தில் போலத் தெளிவான சுருதி கிடைக்கிறது. சி. வி. ராமன் இதைப் பற்றி 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார், 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். அதனால்தான் ஒரு வித்வான் தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு ஒரு மிருதங்கம், ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார். பாட்டு இரண்டு அரைச்சுரம் ஏறினால் ‘நம்’ என்ற அடி ‘நம்’-ஆகவே இருக்க வேண்டும், அதன் சுருதி மட்டும் ஏற வேண்டும். இன்றைய மிடியில் அடியின் அடையாளமும் சுருதியும் ஒரே எண்ணில் கட்டுண்டு கிடக்கின்றன. அடையாளத்துக்கு எண்ணைச் செலவழித்த பிறகு சுருதிக்கு மிச்சம் எதுவும் இல்லை.

சரி, ஒவ்வொரு சாம்பிள் தொகுப்பிலும் (வாத்திய ஓசைகளைப் பதிவுசெய்து கட்டைகளில் வைத்த தொகுப்பு) சுருதிக்குத் தனிக் குமிழ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தத் தொகுப்புக்குள் மட்டும். வெளியே போனால் கதை வேறு. எங்கள் வாத்தியங்களுக்குப் பொதுவான எண் ஒப்பந்தம் ஏதும் இல்லாததால், சாம்பிள் செய்கிற ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி கட்டைகளில் அடிகளை வைக்கிறார்கள். ஒருவரிடம் ‘தொம்’ இருக்கும் கட்டையில் இன்னொருவரிடம் சாப்பு இருக்கிறது. இங்கே எழுதிய மிடி கோப்பை இன்னொரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினால், கால அளவு அப்படியே இருக்கும், அழுத்தம் அப்படியே இருக்கும், சொல் மட்டும் உளறலாக இருக்கும். ‘தகதிமி’ போன இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத ஏதோ ஒன்று வந்து நிற்கும். வாங்கியவர் கட்டை கட்டையாகத் தட்டிப் பார்த்து, எது எங்கே என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். பாட்டு மறுநாள் போக வேண்டிய நெருக்கடியில் இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பெயர் எழுதுவதற்கு உங்கள் மென்பொருள்களில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். க்யூபேஸில் டிரம் மேப் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பெயர், உள்ளே வரும் எண், வெளியே போகும் எண் என்று அழகாகச் சிந்தித்துச் செய்தது. ரீப்பர் ஒரு வெறும் எழுத்துக் கோப்பை ஏற்றுக்கொள்கிறது, வரிக்கு ஓர் எண்ணும் ஒரு பெயரும். எனக்கு அதன் எளிமை பிடிக்கும். ஆனால் இவை ஒவ்வொன்றும் அந்தந்த மென்பொருளின் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பாட்டை மிடி கோப்பாக வெளியே எடுத்தால் எண்கள் போகும், பெயர்கள் பின்தங்கிவிடும். அப்புறம், பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால் எல்லா மென்பொருளும் தாங்குவதில்லை. ‘தொம்’ என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், மெய்ப்புள்ளி இன்னொரு பக்கம் என்று சிதறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே நிறையப் பேர் ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். அதில் ‘த’-வும் ‘ட’-வும் ஒன்றாகிவிடுகின்றன. அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டில் அவை இரண்டும் வேறு என்பதை எந்த மாணவரும் முதல் மாதத்தில் தெரிந்துகொள்கிறார்.

உருமியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் ஒரு முகத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியால் தேய்த்து உரசுகிறார்கள். அந்த உறுமல் எவ்வளவு நீளம், எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதுதான் வாசிப்பே. இங்கே கோயில் கொடைகளிலும், மலேசியாவில் தமிழர்களின் உருமி மேளங்களிலும் கேட்டவர்களுக்கு அந்த ஓசையின் இழுவை மறக்காது. பல மென்பொருள்களின் டிரம் எடிட்டரைத் திறந்தால் அடி என்பது ஒரு வைர வடிவப் புள்ளி. அதற்கு நீளமே கிடையாது, அல்லது எங்கோ தேடிப்போய் ஒரு தேர்வை மாற்றினால்தான் தெரியும். தோல் வாத்தியம் என்றால் தொட்டதும் முடிந்துபோகும் ஓசை என்ற அனுமானம் டிரம் செட்டைப் பார்த்து வந்தது. உருமிக்கும், மிருதங்கத்தின் கும்கிக்கும், தபலாவின் இடது முகத்துக்கும் அந்த அனுமானம் பொருந்தாது. இப்போதைக்கு சுரங்களை நீளத்தோடு காட்டும் பியானோ ரோலில் உருமியைப் போட்டு, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் கோடு வரைந்து சமாளிக்கிறோம். வாசிப்பவருக்கு அதைக் காட்டினால் அது தன்னுடைய வாத்தியம் என்றே அவருக்குத் தெரியாது.

பறையிலும் இதே கதைதான். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. எந்தக் கை என்பதே ஓசையின் பாதி. கை எது என்று எழுத உங்கள் எடிட்டர்களில் பெரும்பாலும் வழியில்லை. தவிலில் வலக்கையின் விரல்களில் கூடு, இடக்கையில் கழி. இதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கேட்டதைக் குறிப்பாக்கும் வேலை. ஒலிப்பதிவைக் கொடுத்தால் அதிலுள்ள தாளத்தைத் தானாக மிடியாக மாற்றித் தரும் கட்டளை இப்போது சில மென்பொருள்களில் இருக்கிறது. அவை தேடுவது பெரும்பாலும் பேஸ் டிரம், ஸ்னேர், ஹை-ஹேட் மூன்றைத்தான். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைக் கொடுத்தால் ‘தொம்’ எல்லாம் பேஸ் டிரம், சாப்பு எல்லாம் ஸ்னேர் என்று வருகிறது. ஆராய்ச்சி இதைத் தாண்டிப் போய்விட்டது. ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தியின் குழு மிருதங்க அடிகளை ஒலியிலிருந்து பிரித்தறியும் முறையை 2013-லேயே வெளியிட்டது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் நடந்த காம்ப்மியூசிக் திட்டத்தின் வழியாக, வேறு வேறு சுருதிகளில் பத்து வகை அடிகள் தனித்தனியாகப் பெயரிடப்பட்ட தரவுத்தொகுப்பு பொதுவில் கிடைக்கிறது. ஆக, கேட்டுப் பெயர் சொல்ல இயந்திரத்தால் முடியும். சொன்ன பெயரை எழுதிவைக்கத்தான் உங்கள் கோப்பில் கட்டம் இல்லை. ஆராய்ச்சி ஒரு பக்கமும் ஸ்டூடியோ ஒரு பக்கமும் இத்தனை ஆண்டு சந்திக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்களிடம் எழுதும் முறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட நூலில் கமகங்களுக்கென்று தனிக் குறிகள் இருக்கின்றன. தாளத்துக்குச் சொற்கட்டு. சொல்லை எழுதி, நீட்டலுக்குக் கால்புள்ளி ஒரு மாத்திரை, அரைப்புள்ளி இரண்டு மாத்திரை என்று வைத்து, மேலே கோடு போட்டால் வேகம் இரட்டிக்கிறது. ஒரு தனி ஆவர்த்தனத்தையே நாலு பக்க நோட்டில் எழுதிவிடலாம், எழுதியதை வாயால் சொல்லிப் பார்க்கலாம். மிஸ்ர நடையை, அதாவது ஒரு தட்டை ஏழாகப் பிரிப்பதை, உங்கள் மேற்கத்திய ஐந்து கோட்டில் எழுதினால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கும் எட்டு அடைப்புக் கோடுகள், ஒவ்வொன்றின் மேலும் ஏழு என்ற எண். சொற்கட்டில் ‘தகிட தகதிமி’ எட்டுத் தடவை, அவ்வளவுதான். ஐந்து கோட்டைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. டிரம் செட்டுக்கே ஐந்து கோட்டில் ஆளுக்கொரு முறை இருந்தபோது, நார்மன் வைன்பெர்க் உட்கார்ந்து ஒரு வழிகாட்டி எழுதி, அமெரிக்காவின் பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி அதை 1998-இல் வெளியிட்டது. இசை எழுத்துருக்களுக்கான ஸ்மஃபுல் தரத்தில் கால் தட்டி ஆடும் நடனத்தின் குறிகளுக்குக்கூடத் தனிப் பகுதி இருக்கிறது. யாராவது முனைந்தால் இடம் கிடைக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

நடை என்றதும் இன்னொரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. மிடியில் ஒரு தட்டைச் சின்னச் சின்ன டிக்குகளாகப் பிரிக்கிறீர்கள், பொதுவாக 480 அல்லது 960. திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, இவை மூன்றும் அதில் சரியாகப் பிரியும். மிஸ்ரம் ஏழு பிரியாது, சங்கீர்ணம் ஒன்பதும் பிரியாது. 480-ஐ ஏழால் வகுத்தால் 68.57. மென்பொருள் அதை 69, 137, 206 என்று முழு எண்களாக்கி வைக்கிறது. காதுக்கு இது தெரியாது. தட்டு விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு டிக் ஏறக்குறைய 2 மில்லி விநாடிதான். ஆனால் அந்தக் கோப்பைக் குறிப்பு எழுதும் மென்பொருளுக்குக் கொண்டு போகும்போது, 69-ம் 137-ம் ஏழின் பங்குகள் என்று அது ஊகிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் கூடக் கூட ஊகம் தவறுகிறது. திரையில் புள்ளி வைத்த அரைக்கால் சுரங்களும் அவற்றுக்கிடையே விளக்க முடியாத மௌனங்களுமாக ஒரு காடு வந்து நிற்கிறது. தட்டுக்கு 5040 டிக் என்று வைத்தால் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது எல்லாமே மிச்சமில்லாமல் பிரியும். இரட்டிப்பு வேகங்களுக்கும் தாராளமாக இடம் வேண்டுமென்றால் 10080. மிடி கோப்பின் தலைப்பில் 32767 வரை எழுத இடம் இருக்கிறது. தரத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை, மென்பொருளில் அந்தத் தேர்வைத் திறந்துவிட்டால் போதும்.

தாளத்துக்கும் அதே மாதிரி ஒரு சின்னத் திறப்பு வேண்டும். ஆதி தாளத்தை 8/4 என்று எழுதலாம். எண்ணிக்கை சரிதான், உருவம் வராது. ஆதி என்பது நான்கு, இரண்டு, இரண்டு. கையில் ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டும் வீச்சும், மறுபடி தட்டும் வீச்சும். மிஸ்ர சாப்பு என்ற தாளத்தை 7/8 என்று போட்டால், மூன்றும் நான்குமாகப் பிரிவது மென்பொருளுக்குத் தெரியாது. மியூசிக் எக்ஸ்எம்எல்லில் 3+4 என்று கூட்டி எழுத ஏற்கெனவே வழி இருக்கிறது. பதிவு மென்பொருள்கள் பலவும் அதைக் கண்டுகொள்வதில்லை.

எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், இன்னும் முக்கியம். பாட்டு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அரை இடம் தள்ளி, ஒன்றரை இடம் தள்ளி என்று எடுப்பு வரும். வாசிப்பவரின் கணக்கெல்லாம் அந்த இடத்தை நோக்கித்தான். ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை, மூன்று தடவை வாசித்தால் 15. ஆதி தாளம் சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. சமத்தில் வந்து விழ வேண்டுமென்றால் 17 விட்டு எடுக்க வேண்டும். எடுப்பு அரை இடம், அதாவது இரண்டு மாத்திரை, தள்ளி என்றால் 19 விட்டு எடுக்க வேண்டும். இந்தக் கழித்தலை மேடையில் ஒரு வித்வான் யோசிக்காமல் செய்கிறார். ஸ்டூடியோவில் நான் பார் எண்ணையும் டிக் எண்ணையும் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணுகிறேன். எடுப்பு இங்கே என்று ஒரு முறை சொல்லிவிட்டால் மென்பொருளே பின்னோக்கி எண்ணிக் காட்டலாம். எளிய கழித்தல்தான்.

இனி, முதலில் கேட்டதை எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். 2020-இல் வெளியான மிடி 2.0-இல் ஒவ்வொரு சுரச் செய்தியோடும் 16 பிட் துணைத் தகவல் போக இடம் வைத்திருக்கிறீர்கள். அந்த 16 பிட்டில் ஓர் எண்ணை வையுங்கள். அந்த எண் ஒரு பெயர்ப் பட்டியலைச் சுட்டட்டும். பட்டியல் கோப்பின் தலையில், யூனிகோடில், எந்த எழுத்திலும் எழுதக்கூடியதாக இருக்கட்டும். பெயர், எந்த முகம், எந்தக் கை, இவ்வளவு போதும். அப்போது கட்டை எண் சுருதிக்கு மட்டும் என்று விடுதலையாகிவிடும். பாட்டை ஏற்றினால் ‘நம்’ தன் பெயரோடு ஏறும்.

மிடி 2.0 எல்லா ஸ்டூடியோவுக்கும் வந்து சேர நாளாகும். அதுவரை பழைய மிடி கோப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. பாடல் வரிகளை அசை அசையாக எழுதுவதற்கென்று அதில் ஒரு நிகழ்வு வகை உண்டு. சொற்கட்டும் அசைகள்தான். ஒவ்வோர் அடியோடும் அந்த இடத்தில் சொல்லை எழுதி அனுப்பலாம், வாங்கும் மென்பொருள் அதைப் படித்து டிரம் எடிட்டரில் காட்டலாம். பிட்விக்கும் ப்ரிசோனஸும் 2023-இல் முன்வைத்த டாப்ராஜெக்ட் என்ற திறந்த பரிமாற்ற வடிவம் இருக்கிறது. அதில் டிரம் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பகுதி சேர்ப்பது பெரிய வேலையாக இருக்காது. மியூசிக் எக்ஸ்எம்எல் குழுவினரும் அதே பட்டியல் வடிவத்தை ஏற்றுக்கொண்டால், பதிவு மென்பொருளிலிருந்து குறிப்பு மென்பொருளுக்குச் சொல் சிதறாமல் போய்ச் சேரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெட்டியாக இருக்கிறேன். எந்தச் சொற்கள் சரியானவை என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நாங்களும் ஒரே ஒரு பட்டியலை அதிகாரபூர்வமானது என்று தர மாட்டோம். தஞ்சாவூர் வழிக்கும் புதுக்கோட்டை வழிக்கும் சொல் வேறு, பறைக்கு ஊருக்கு ஊர் வேறு. ஒன்றைத் தரமாக்கினால் மற்றவர்களின் வாசிப்பு 1991-இல் எங்களுக்கு நேர்ந்ததுபோலப் பட்டியலுக்கு வெளியே நிற்கும். பெட்டியைத் தாருங்கள், உள்ளே என்ன எழுதுவது என்பதை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். இப்படிச் செய்தால் பலன் எங்களுக்கு மட்டும் இல்லை. தபலாவின் சொற்களான ‘போல்’களை எழுதுகிறவர், ஜெம்பே வாசிக்கிறவர், பாலித் தீவின் கெண்டாங் வாசிக்கிறவர் எல்லோரும் அதே பெட்டியில் தங்கள் சொல்லை எழுதுவார்கள். அமெரிக்க டிரம்மர்கூட ஸ்னேரில் விளிம்படி, பிரஷ் இழுப்பு, பிடித்து அடக்கிய சிம்பல் என்று எழுதிக்கொள்வார். இன்று அவரும் வெவ்வேறு சாம்பிள் தொகுப்புகளின் எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சாம்பிள் தொகுப்பு செய்பவர்களே, உங்கள் தொகுப்போடு எந்தக் கட்டையில் எந்த அடி என்ற பட்டியலை எழுத்துக் கோப்பாகச் சேர்த்துக் கொடுங்கள், படத்தில் மட்டும் காட்டாதீர்கள். இசைப் பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் மிருதங்கம், தவில் கற்பிக்கிற ஆசிரியர்களே, உங்கள் வழியின் சொற்களையும் ஒவ்வொன்றும் எந்த விரல், எந்த இடம் என்பதையும் எழுதி ஒவ்வோர் அடியையும் பதிவுசெய்து வெளியிடுங்கள். பறை, உருமி, பம்பைக் கலைஞர்களின் சொற்களைச் சேகரிக்கும்போது அவர்கள் பெயரையும் ஊரையும் அவர்கள் சம்மதத்தோடு போடுங்கள், அவர்களுக்குக் கூலியும் கொடுங்கள். மென்பொருளில் இடம் திறக்கும் நாளில் நிரப்புவதற்கு எங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்ப்பதற்கு எளிய ஒரு கோப்பு போதும். ஆதி தாளம், எடுப்பு அரை இடம் தள்ளி, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) சதுஸ்ரம், ஒரு ஆவர்த்தனம் மிஸ்ரம், முடிவில் மூன்று ‘ததிங்கிணதொம்’. ‘சி’ சுருதியில் எழுதியது. அதை உங்கள் மென்பொருளில் திறந்து, இரண்டு ஏற்றி, வெளியே எடுத்து, இன்னொருவரின் மென்பொருளில் திறந்து, அங்கிருந்து குறிப்பு மென்பொருளுக்கு அனுப்புங்கள். கடைசித் திரையில் ஒவ்வொரு சொல்லும் தமிழில், தன் இடத்தில், தன் சுருதியில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களில் யார் கேட்டாலும் அந்தக் கோப்பையும், ஒரு வித்வான் அதையே மிருதங்கத்தில் வாசித்த பதிவையும், சொற்கட்டில் எழுதிய ஒரு பக்கத்தையும் சேர்த்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். உங்கள் அடுத்த வெளியீட்டின் வேலைத் திட்டத்தில் இது இருக்கிறதா, இல்லையென்றால் எது தடையாக இருக்கிறது என்று பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு ரிதம் புரோகிராமர்